இருநூற்று ஐம்பதுக்குக் கீழே

ஆகஸ்ட் மூன்றாம் வாரம், மின்னசோட்டா.
சோயா இடுப்பளவு நிற்கிறது.
காலை ஏழு மணிக்கே கால்சட்டை முழங்கால்வரை நனைந்து
என்னைப் பின்னால் இழுக்கிறது.

ஓரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் பச்சைதான்.
ஓரம் பொய் சொல்லும்.
நூறு தப்படி உள்ளே போய்
கண்ணை மூடிக் கை நீட்டி
அகப்பட்ட செடியைப் பிடிக்க வேண்டும்.
நோஞ்சானைத் தேடக் கூடாது,
அழகானதையும்.

இலையைத் திருப்புகிறேன்.
அசுவினிகள்.
குண்டூசித் தலையைவிடச் சிறிதாய், எலுமிச்சை நிறத்தில்,
தாயும் மகளும், மகள் வயிற்றில் அவள் மகளும்
ஒரே நரம்பில் வாய் வைத்து.
இந்தக் கோடைக்கு ஆண் என்று ஒருவன்
தேவைப்படவே இல்லை.

ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை நான்.
பத்தை எண்ணி, பத்து எவ்வளவு இடம் அடைக்குமென்று
கண்ணுக்குப் பழக்கி,
பிறகு அந்தக் கண்ணால் இலையை அளப்பேன்.
முதல் செடி நூற்றுப் பத்து.
இரண்டாவது நானூறு.
மூன்றாவதில் பதினேழும் ஒரு பொறிவண்டுப் புழுவும்.
கறுப்பு உடம்பு, குட்டி முதலை நடை.
நான் எழுதி முடிப்பதற்குள்
பதினாறு.

வெர்லின் ஹூஸ்பி வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தார்.
"எவ்வளவு, டோர்டிஸ்?"
"இருபது செடிக்குச் சராசரி, இருநூற்று முப்பத்தெட்டு."
"இருநூற்று ஐம்பதுக்குப் பன்னிரண்டுதானே குறைச்சல்.
காலைக்குள் பிறந்துவிடும்."
"பிறக்கும். சிலது சாகவும் சாகும்."
"விமானக்காரன் மதியத்துக்குள் பதில் கேட்கிறான்."

சாலைக்கு அப்பால் டூவேனின் நிலம்.
முந்தாநாள் மருந்து தெளித்தது.
அங்கே ஒரு வெட்டுக்கிளிகூடச் சத்தம் போடவில்லை.
இருவரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டோம்.

பிறகு அவர், காலணியில் ஒட்டிய சேற்றைப் பார்த்து:
"ரோச்செஸ்டரில் என்னையும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.
ஆறு மாதத்துக்கு ஒரு குப்பி ரத்தம்.
எல்லையைத் தாண்டினால் கத்தி.
அதுவரைக்கும் பார், தொடாதே."
அது கேள்வியா என்று தெரியவில்லை.
தாளில் தேதி போட்டேன்.
வியாழன், மறுபடி.

சாயங்காலம் தேவாலயத்துக்குப் பின்னால்
வாடகைப் பாத்திகளில் பிலியா தாவ்.
சோப்புத் தண்ணீர் வாளியில்
செம்பு முதுகு வண்டுகளைத் தட்டி விழவைத்து,
வேலிக்கம்பத்தில் பென்சிலால் கோடு கிழிக்கிறாள்.
நேற்று நாற்பது கோடு.
இன்று கம்பத்தின் மறுபக்கத்துக்குப் போய்விட்டாள்.
வாடிய பூசணித் தண்டைக் கீறி
வெள்ளைப் புழுவை ஊக்கால் இழுத்தெடுத்து,
கீறலை ஈரமண்ணால் மூடினாள்,
காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல்கூட இல்லை,
கதவைச் சாத்துவதுபோல்.

"உன் வயலில் எத்தனை?"
"செடிக்கு இருநூற்று முப்பத்தெட்டு."
"எத்தனை செடி?"
எண்பது ஏக்கர். ஏக்கருக்கு ஒரு லட்சத்துக்கு மேல்.
பெருக்கிப் பார்த்ததே இல்லை நான்.
அவள் சிரித்து, ஒரு கட்டு நீளப் பயற்றங்காயை
என் கையில் திணித்தாள்.

அன்றிரவு கண்ணை மூடினால்
இமையின் அடிப்பக்கத்திலும் மஞ்சள் புள்ளிகள்.

புதன் ராத்திரி மழை.
வியாழன், அதே வயல், வேறு இருபது செடி.
சில அசுவினிகள் தவிட்டு நிறத்தில் உப்பி
அசையாமல் இருந்தன.
ஒவ்வொன்றின் முதுகிலும் வட்டமாக ஒரு துளை.
உள்ளேயிருந்து சாப்பிட்டு முடித்த குளவி
கதவை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது.

நூற்றுத் தொண்ணூற்றொன்று.
ஆசைப்பட்டு எண்ணிவிட்டேனோ என்று
இன்னும் ஐந்து செடி பார்த்தேன்.
பெரிதாக மாறவில்லை.

வெர்லினின் வண்டி இல்லை.
தொலைபேசியில் அந்த எண்ணை மட்டும் அனுப்பினேன்.
மதியம் தாண்டி அவரிடமிருந்தும் ஓர் எண் வந்தது,
புள்ளி வைத்து, இரண்டு இலக்கத்தில்.

அது கூடுதலா குறைவா,
பார்க்கலாமா தொடலாமா,
எனக்குத் தெரியாது.
அந்தப் பயிருக்கு என்னிடம் அட்டவணை இல்லை.