பதினைந்து பல்

ஏப்ரலில் வண்டியை வெளியே எடுத்தேன்.
லா ஷோ-த-ஃபோன் தெருக்களில் இன்னும் உப்பு.
நகரசபை லாரி விடியுமுன் தூவிப் போனது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்;
என் செயின் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறது,
கண்ணிக்குக் கண்ணி செந்துருவாக.

பின்சில்லைக் கையால் சுற்றிப் பார்க்கிறேன்.
பற்கள் ஒரே பக்கம் சாய்ந்து
சுறாச் செட்டை மாதிரிக் கூர்ந்திருக்கின்றன.
செயினைப் பின்னுக்குப் பிடித்து இழுத்தால்
பல்லில் பாதி வெளிச்சத்துக்கு வருகிறது.
இரும்பு நீளவில்லை.
நூற்றுப்பன்னிரண்டு சின்னச் சின்னத் தேய்வு சேர்ந்து
நீளம் போல நடிக்கிறது.

செயினை மட்டும் மாற்றேன் என்கிறது பர்ஸ்.
பழைய பல்லோடு பழகினால்
புதுசும் ஒரு கோடைக்குள் கிழடு தட்டும்.
மாற்றினால் மூன்றையும்.

கடையில் ஓரெலி மத்தே
மேசையில் பெட்டிகளை அடுக்கினாள்.
தங்க நிறம் இருபது பிராங்க் கூட.
கொடி ஒன்று கழுத்தில் இருக்கிறது, போதும்.
கறுப்பை எடுத்தேன்,
கிரீஸை உள்ளே பூட்டிவைக்கும் எக்ஸ் வளையத்தோடு.

"முன்னுக்குப் பதினைந்து பல்லா, பதினாறா?
பதினாறு போடு, நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறாது.
எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்."

பதினாறு.
மண்டபத்தில் அறுகரிசி தலையில் விழவிழக் கேட்ட எண்.
பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க.
பெற்றதை விரல்விட்டு எண்ணினேன்:
இரண்டு அறை வீடு, வதிவிட அட்டை, இந்த வண்டி,
பால்கனியில் பிழைத்த ஒரு கறிவேப்பிலை.
அதற்குமேல் விரல் நகரவில்லை.

லொ லோக்கிலில் எனக்குப் பகல் வேலை,
கண்ணில் லூப்பை இடுக்கிக்கொண்டு
கடுகிலும் சிறிய சக்கரங்களுக்குப் பல் எண்ணுவது.
பழக்கதோஷம்.
ரசீதின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்.
நூற்றுப்பன்னிரண்டு கண்ணி, பதினாறு பல்.
ஏழு. மீதி இல்லை.

மீதி இல்லையென்றால்
ஒவ்வொரு பல்லுக்கும் அதே ஏழு கண்ணிதான்.
மலை ஏறினாலும் ஏரிக்கரைக்கு இறங்கினாலும்
அதே ஏழு.
மிச்ச நூற்றைந்தும் ஒரே செயினில்தான் ஓடும்,
முகம் தெரியாது.

யோகசீலனுக்கு இரவு வேலை.
மாடிப்படியில் சந்திப்போம்.
வந்தாச்சா.
சோறு இருக்கு.
பில் கட்டியாச்சு.
நல்ல குளிர்.
கதவைப் பூட்டும்.
போயிட்டு வாறன்.
ம்.
எண்ண வேண்டுமென்று எண்ணவில்லை.

பதினைந்தால் வகுத்தேன்.
அப்போதும் ஏழு, ஆனால் ஏழு மீதி.
அந்த மீதி ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சம் தள்ளிவிடும்.
பதினைந்து சுற்று ஓடினால்
எல்லாப் பல்லும் எல்லாக் கண்ணியையும்
ஒரு தடவையாவது தொட்டிருக்கும்.

"பதினைந்து" என்றேன்.
ஓரெலி தோளைக் குலுக்கினாள்.
"நெடுஞ்சாலையில் கத்தும்."
கத்தட்டும்.

சனி மாலை, கீழ்க் கராஜ்.
செயின் நூற்றுப்பதினான்காக வந்திருந்தது.
இரண்டு கண்ணியை அறுத்து எடுத்தேன்.
கிளிப் வேண்டாமென்று ரிவெட் அடித்து இறுக்கினேன்,
மூன்றாவது அடியில்தான் நேராக விழுந்தது.
வாசலில் சாப்பாட்டுப் பையோடு அவர்.
"கை ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்குது?"

எட்டாவது.

என்ன சொல்வதென்று தெரியாமல்
தெரிந்ததைச் சொன்னேன்:
செயினில் மூன்று சென்டிமீட்டர் தொய்வு விடவேணும்,
கூட இறுக்கினால் பேரிங் போயிடும்.
குனிந்து ஒரு விரலால் செயினைத் தூக்கிப் பார்த்தார்.
விட்டார். திரும்பவும் தூக்கினார்.
சில்லைச் சுற்றச் சொன்னார்.
சுற்றினேன்.
மேலே தெருவில் பஸ் வந்து நின்று
கதவு மூடிப் போகும் சத்தம் கேட்டது.
அடுத்தது இருபது நிமிடம் கழித்து.

அறுத்த இரண்டு கண்ணியும்
சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில்
இன்னும் கிடக்கின்றன.
எறிய வேண்டும்.
யாரும் எறியவில்லை.