பச்சையாய் இருந்த இடம்

பிப்ரவரியில் மழை எங்களை மறந்தது.
பதினெட்டு நாள்.
சிங்கப்பூரில் அது பெரிய செய்தி.
டாக்சிக்காரர் முதல் பல் மருத்துவர் வரை
வாயைத் திறந்தால் அதே பேச்சு.

ஜாலான் காயுவில், எங்கள் வரிசை வீடுகளின் முன்
கைக்குட்டைப் புல்வெளிகள் ஒவ்வொன்றாய்
தேங்காய் நார் நிறத்துக்குப் போயின.
எங்களுடையதில் மட்டும்
கேட்டுக்கு இடப்புறம், ஒரு பாய் விரிக்கும் அகலத்துக்கு
அசராத பச்சை.

கைராசி என்றார் தேவசகாயம்.
வேலை முடிந்து வந்து, டையைக்கூடத் தளர்த்தாமல்
ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.
அடுத்த வீட்டு ரோஹானா வேலிக்கு மேல் எட்டி
"என்ன உரம் போடுறீங்க?" என்று கேட்டபோது
அவர் சிரித்த சிரிப்பு
எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லை.

நான் கணக்குப் பார்ப்பவள்.
எனக்கு அந்தப் பச்சை ஓர் எண்ணாகத்தான் வந்து சேர்ந்தது.
போன மாதம் பதினாறு கன மீட்டர்.
இந்த மாதம் முப்பத்தொன்று.
இரவில் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடிவிட்டு
டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தேன்.
ஆளில்லாத அறையில் ஓடும் மின்விசிறி மாதிரி
முள் சுற்றிக்கொண்டிருந்தது.

குழாய்க்காரர் ஆங் வந்தார். காது கொடுத்துக் கேட்டார்,
நிஜமாகவே:
மண்ணில் ஒரு கம்பியை ஊன்றி
அதன் மேல்முனையில் காதை வைத்து.
பிறகு பச்சையின் நட்டநடுவில் மண்வெட்டியை இறக்கினார்.
முழங்கை ஆழத்தில் பழைய இரும்புக் குழாய்.
அதில் ஊசி நுழையும் துளை.
பாலம் தாண்டி ஜொகூரிலிருந்து வந்த தண்ணீர்,
கடலிடம் உப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த தண்ணீர்,
எங்கள் பெருமைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

தேவசகாயம் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.

குழாய் மாற்றிய ஒன்பதாம் நாள்
அந்த இடமும் நாராகியது.
பத்தாம் நாள் விடியலில் சத்தம் கேட்டு எழுந்தேன்.
புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்,
வேலைக்குப் போகிற சட்டையோடு.

இப்போது அங்கே சரளைக்கல்.
வெயிலைத் தின்று வாழ்கிறவை சுவரோரம்:
காகிதப்பூ, கற்றாழை, பத்துமணிப்பூ.
தாகக்காரிகள் இரண்டே பேர், கறிவேப்பிலையும் பாண்டானும்,
ஏர்கான் சொட்டும் மூலையில் அருகருகே.
இரவெல்லாம் நாங்கள் குளிரில் தூங்கத் தூங்க
சுவருக்கு வெளியே ஒரு வாளி நிறைகிறது.
வாளி வாயில் வலை கட்டியிருக்கிறேன்.
கொசு சோதனைக்கு வந்த இளைஞர்
முட்டிபோட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.
தொட்டிகளுக்கு அடியில் தட்டே இல்லை என்று தெரிந்ததும்
கொஞ்சம் ஏமாந்தவர்போல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெறுங்காலோடு நடக்க முடியாது, அது உண்மை.
மதியத்தில் கல் சுடும்.
மகள் ஹாஸ்டலிலிருந்து வந்த அன்று
செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்,
"இனி எங்கேம்மா மல்லாந்து படுக்கிறது?"
என்னிடம் பதில் இல்லை.
மூடாக்குக்குச் சருகு அள்ளிக்கொண்டிருந்தேன்.

இந்த மாத பில்: பதின்மூன்று.

மாலையில் அவர் இன்னும் அதே நேரத்துக்கு
கேட்டருகே வந்து நிற்கிறார்.
கைகளுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
பத்துமணிப்பூவில் ஒரு கிளை ஒடித்துத் தரச் சொன்ன ரோஹானா
மறுபடி உரம் பற்றிக் கேட்டாள்.
"நட்டுட்டு மறந்துடுங்க" என்றார்.
இந்த முறை சிரிக்கவில்லை.

காலையில் வாளியைத் தூக்கும்போது
சில நாள் கை எதிர்பார்க்கும் கனம் இருப்பதில்லை.
கேட்டுக்கு இடப்புறம், ஒரு பாய் அகலத்துக்கு,
சரளைக்கல் ஈரமாக மின்னும்.
கல்லுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

ஊற்றட்டும்.
அதை நான் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.