தட்டின் எடை

காற்று தொண்ணூறு கிலோமீட்டர் என்று
பலகையில் எழுதிவிட்டு
டிக்கெட் ஜன்னலை இழுத்து மூடினான்.
இன்று கப்பல் இல்லை.
நாளைக்கும் நிச்சயம் இல்லை.

போர்வெனிரில் நண்டு ஆலையின்
மூன்று தராசுகளுக்கும் சான்று ஒட்டி முடித்திருந்தேன்.
வண்டியின் பின்னால்
இருபது கிலோ இரும்புக் கற்கள் இருபத்தைந்து.
ஐநூறு கிலோ சத்தியம்.
இருபத்தேழு வயதில் எனக்கு வாய்த்த வேலை இது:
சிலியின் தென்கோடிவரை ஊர் ஊராகப் போய்
கிலோ, கிலோதானா என்று பார்ப்பது.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.
வால்டிவியாவில் மறுநாள் இரவு பியெரினாவின் பிறந்தநாள்.
இன்னும் ஓர் இரவு தங்கிக்கொள், பில்லை அனுப்பு
என்றது அலுவலகம்.
அதற்கும் சலித்துக்கொண்டேன்.
அதே விடுதி, அதே ஆட்டுக்கறி,
வெந்நீர் வர மூன்று நிமிடம் இருமும் அதே குழாய்.

பக்கத்து நாற்காலியில் யாஸ்னா.
நேற்று என் எதிரே
நண்டுப் பெட்டிகளைத் தட்டில் ஏற்றியவள்.
ரப்பர் பூட்ஸ் இல்லாமல் அடையாளம் தெரியவில்லை.
மடியில் யெர்கோ, ஐந்து வயது,
வலது காதில் பஞ்சு.
அக்கரை ஆஸ்பத்திரியில்
நாளைக் காலை எட்டரைக்குக் காது டாக்டர்.
"ஏழு மாசமா காத்திருந்த தேதி."
அழவில்லை.
கடலைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள்,
பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் ஊற்றினாள்.

எந்த வருஷம் பிறந்தே என்றாள்.
அதே வருஷம். அதே மார்ச்.
"அட, ஒரே வகுப்புல இருந்திருப்போம்!"
சிரித்தபோது இடது கடைவாயில் ஒரு பல் இல்லை.
என் நாக்கு தானாகப் போய்
அப்பா முப்பது தவணையில் நேராக்கித் தந்த
பல்வரிசையைத் தடவிவிட்டு வந்தது.

தராசில் ஒரு பொத்தான் உண்டு.
காலிப் பெட்டியை வைத்து அழுத்தினால்
பெட்டியின் எடை மறைந்துவிடும்.
திரையில் பூஜ்யம்.
அதன்பிறகு போடுவது மட்டுமே கணக்கு.
தினமும் நான் அழுத்தும் பொத்தான்தான்.
கடன் வைக்காத படிப்பு,
நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி,
வேலை போனால் திரும்பிப் போக ஓர் அறை,
அதில் இன்னும் என் படுக்கை.
எல்லாம் தட்டிலேயே கிடக்க,
பூஜ்யத்திலிருந்து வந்தவள் நான் என்று
நேர்முகத் தேர்வில் சொல்லியிருக்கிறேன்.
நம்பித்தான் சொன்னேன்.

கிடைத்ததை எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன்.
எண்ணம் வந்தது, எண்ணிக்கை வரவில்லை.
தவிர, அவளிடம் இல்லாததைக்
கல்லாக எதிர்த்தட்டில் வைத்து
என்னிடம் இருப்பதை நிறுப்பது
கள்ளத் தராசு.
அதற்குச் சான்று ஒட்ட மாட்டேன்.

வடக்கே நூற்றைம்பது கிலோமீட்டர் போனால்
நீரிணை ஒடுங்கும் இடத்தில் இன்னொரு படகு.
காற்று சற்றே தணிந்தாலும் விடுவார்கள்.
கம்பெனி வண்டியில் வெளியாட்களை ஏற்றக் கூடாது;
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
"ஏறு" என்றேன்.
யாஸ்னா ஒரு நொடி என்னை எடைபோட்டாள்.
பிறகு ஏறினாள்.

சரளைச் சாலையில் எங்களை முந்திய காலி வேன் ஒன்று
காற்றில் தள்ளாடியது.
எங்கள் வண்டி அசையவில்லை.
"பின்னால என்ன இருக்கு?" யெர்கோ கேட்டான்.
கனம் என்றேன்.
"எதுக்கு?"
பதில் யோசிப்பதற்குள் தூங்கிவிட்டான்,
பஞ்சு வைத்த காது மேலே தெரிய.

விடிகாலை நாலேகால்.
லாரி வரிசையில் பதினோராவது வண்டி.
இறங்குதுறையில் சிவப்பு விளக்கு.
யாஸ்னா ரொட்டியைப் பிய்த்துப்
பெரிய பாதியை என் பக்கம் நீட்டினாள்.

அந்த இரவுக்கு விடுதி பில் அனுப்பவில்லை.
டீசல் கணக்கு ஏன் இடிக்கிறது என்று
கணக்குப் பிரிவிலிருந்து
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.