நானூறு மீட்டர்

பாதை வரைவது மாலக்கியின் வேலை.
சனி இரவு ஒன்பதுக்குள் வந்துவிடும்:
அறுபத்தெட்டு கிலோமீட்டர், இரண்டு ஏற்றம்,
தேநீர் கிடைக்கும் ஒரே ஒரு பெட்ரோல் பங்க்.
லாரி போகும் சாலை மருந்துக்கும் இருக்காது.
எல்லாம் நடுவில் புல் முளைத்த தார்ச்சாலைகள்.
புல்லுக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ப்ரோனா,
முன்னால் அவர் முதுகு.

லீட்ரிம் மாவட்டத்தில் போக்குவரத்து நெரிசல் என்றால்
ஒரு டிராக்டர், ஒரு நாய்,
திரும்பி வரும் அதே டிராக்டர்.
ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து
ஒற்றை விரலைத் தூக்குவார்.
வணக்கம் அவ்வளவுதான்.
நாங்களும் ஒற்றை விரல்தான் தூக்குவோம்.
முழுக் கையையும் எடுத்தால் குழியில் கிடப்போம்.

ஒன்பது வருடம் அவர் பின்சக்கரத்தையே பார்த்து ஓட்டியதில்
ஒன்று கண்டுபிடித்தேன்.
டிரம்கீலா தேவாலயம் தாண்டி
நேரே போனால் நானூறு மீட்டரில் ஏரி.
நாங்களோ இடப்புறம் மேடேறி,
சதுப்பைச் சுற்றி,
பன்றிப் பண்ணையின் நாற்றத்தை மூச்சு மூச்சாக வாங்கி,
ஆறு கிலோமீட்டர் கழித்து
அதே ஏரிக்கு வருவோம்.
வரைபடத்தில் அந்த இடம் மட்டும்
பொத்தான் மாற்றிப் போட்ட சட்டைபோல் புடைத்திருக்கும்.
ஏன் என்று ப்ரோனா ஒருமுறை கேட்டாள்.
"அந்தப் பக்கம் எதிர்க்காற்று" என்றார்.

என்ன காற்று என்று ஊருக்கே தெரியும்.
அண்ணன் லோர்கனின் வீடு அங்கே.
மூன்று ஏக்கர் ஈர நிலம், ஒரு உயில், பதினாறு வருடம்.
கோரையைத் தவிர எதுவும் விளையாத மண்ணில்
இரண்டு வக்கீல்கள் மட்டும் செழித்தார்கள்.

செப்டம்பரில் மூன்றாம் ஞாயிறு.
மேட்டுச் சாலையின் வாயிலில் ஒரு பலகை,
இரண்டு மொழியிலும் ஒன்றையே சொன்னது:
சாலை மூடல்.
மழையில் பாலம் போய்விட்டதாம்.
அம்புக்குறி நேரே காட்டியது.

மாலக்கி ஒரு காலை ஊன்றி நின்றார்.
தண்ணீர் குடித்தார்.
காலியான பாட்டிலை மறுபடி வாயில் வைத்தார்.
நாங்கள் இருவரும் வேலியோரத்து ப்ளாக்பெர்ரிகளை
அதுவரை பார்த்தே இராதவர்கள்போல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு ஷூ பெடலில் மாட்டும் சத்தம்.
டக்.

முப்பத்தெட்டில் போனார். அறுபத்தொரு வயது.
அப்படி ஒரு வேகத்தை அந்தக் கால்களில் நான் கண்டதில்லை.
நூறு மீட்டர். இருநூறு.
முந்தின நாள்தான் யாரோ வேலியை வெட்டியிருந்தார்கள்,
சாலை முழுக்கக் கருமுள்.
முந்நூறில் கேட்டது,
சைக்கிள்காரர்கள் தூக்கத்திலும் அறியும் அந்த
உஸ்ஸ்ஸ்.
சரியாகப் பச்சை இரும்புக் கேட்டின் முன்னால்.

என் பையில் புது ட்யூப் இருந்தது.
அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

புல்லில் உட்கார்ந்து டயரைக் கழற்றினார்.
ட்யூபில் காற்றடித்துக் காதருகே பிடித்தார்.
மந்தமான காது, போதாததற்கு ஏரிக் காற்று.
ஓட்டை அகப்படவில்லை.
மூன்றாம் முறை அடிக்கும்போது கேட் முனகியது.
அதே முதுகு, அதே நடை,
கையில் கன்றுக்குட்டி வாளி நிறையத் தண்ணீர்.
வைத்த வேகத்தில் பாதி சாலையில் தளும்பியது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
எல்லாரும் வாளியைப் பார்த்தோம்.
மாலக்கி ட்யூபை அமுக்கி
விரல் விரலாக நகர்த்தினார்.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு, வால்வுக்குப் பக்கத்தில்,
கடுகளவு குமிழிகள்
ஒன்றன்பின் ஒன்றாக.

லோர்கன் ஒற்றை விரலை நீட்டினார்.

ஒட்டுப் போட்டு முடிக்கும்வரை பேச்சில்லை.
கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு
மாலக்கிதான் முதலில் சொன்னார்:
"வேலி வெட்டினால் பெருக்கித் தள்ள வேண்டாமா?"
"இந்த வழியாகச் சைக்கிள் வரும் என்று
யார் கண்டது?"

பாலம் சரியாக ஆறு மாதம் ஆகும் என்கிறது கவுன்சில்.
இங்கே ஆறு மாதம் என்றால்
இரண்டு வருடம்.