எந்தப் பனி

குலசேகரத்தில் எங்களுக்குக் காய்ச்சலும் பனிதான்,
வெளியே பெய்வதும் பனிதான்.
ஐப்பசியில் எனக்கு வந்த பனி
ஒன்பதாம் நாள் விட்டது.
விட்டதாகத் தெர்மாமீட்டர் சொன்னது.

பிறகு விரல்கணுக்கள் வீங்கின.
பிறகு ஒருநாள்
மூன்று மணிக்கு நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு
தோட்டத்தில் இறங்கினால்
முந்நூற்று இருபது மரங்களும்
என்னிடம் ஏதோ கேட்கப்போவதுபோல் நின்றன.
நெஞ்சு படபடக்க
கத்தியும் வாளியுமாகப் பாதிவழியில் உட்கார்ந்துவிட்டேன்.

"விசுவாசம் போதாது" என்றாள் நாத்தனார் டெல்பின்.
"மடி" என்றார் சூப்பர்வைசர்.
நானும் நம்பினேன்,
இரண்டையும் மாறிமாறி.
சாளைக்கறியில் உப்பில்லை என்று மகன் சொன்னதற்கு
அடுப்படியில் நின்று அழுதேன்.
உப்பு இருந்தது.

ஆசாரிப்பள்ளத்தில்
என் விரல்களை ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்த டாக்டர்
திடீரென்று கேட்டாள்:
உறக்கம் உண்டா?
எதிலாவது ஆசை உண்டா?
மூட்டுக்கு வந்தவளிடம் இதெல்லாம் ஏன்?
ரத்தச்சீட்டில் சி.ஆர்.பி. நாற்பத்தொன்று.
கிருமி போய் நாளாயிற்று,
விரட்ட வந்த காவல் இன்னும் கலையவில்லை என்றாள்.
அது அனுப்பும் தாக்கல்
தலைக்குள்ளும் போகுமாம்:
படு. யாரையும் பார்க்காதே. பயந்திரு.
எல்லோருக்கும் இப்படி இல்லை,
எல்லாச் சங்கடமும் இதனால் வருவதில்லை,
உனக்கு இதுவாக இருக்கலாம் என்றாள்.
அந்த 'இருக்கலாம்' கேட்டுத்தான்
அவளை நம்பினேன்.

ரப்பருக்குப் பால் எதற்கு,
நாம் ஷீட் அடிக்கவா?
காயத்தை மூட.
கடிக்கிற புழுவின் வாயை ஒட்ட.
ஓய்வில்லாமல் வெட்டினால்
பட்டைமரப்பு வரும்.
கத்தி ஓடும், சொட்டு விழாது,
சிரட்டையில் நேற்றைய மழை மட்டும் கிடக்கும்.
மரம் மரத்துப்போவது.
அதனிடம் யாரும் விசுவாசம் கேட்டதில்லை,
மடி என்று திட்டியதில்லை.
சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு
சும்மா விடுவார்கள்,
ஒரு வருடம்கூட.

எனக்கு ஏது வருடம்.
மாத்திரை இரண்டு, மூட்டுக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று.
மூன்று மாதம் கழித்து வரச்சொன்னாள்.
பேருந்துக்குக் காசு எடுத்துவைத்திருக்கிறேன்.

இன்று விடியுமுன் வாசலில் மகன்,
"அம்மா, பனி. தலையை மூடு."
"எந்தப் பனிக்கு?" என்றேன்.
அவன் விழிக்க,
எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது,
பழைய கதவு திறப்பதுபோல் ஒரு சத்தம்.

நூற்றுப் பத்தாவது மரத்தில்
கை நின்றது.
அந்த மரத்தில் சாய்ந்து
விளக்கை அணைத்தேன்.