மல்லாந்து

சுரங்கத்துக்குப் போகமுன்
டெரிக் ஒரு தாளை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனான்:
கிழமைக்கு ஒரு சில்வண்டு.
தண்ணீர்க் கிண்ணம் காயக்கூடாது.
தொடாதே.

மார்த்தாவுக்கு என்ன வருத்தம் வரும்,
வந்தால் யாரைக் கூப்பிடுவது,
ஒன்றும் இல்லை.

பெப்ரவரி. வின்னிபெக். முப்பத்திரண்டு பாகை,
முன்னால் ஒரு கழித்தல் குறி.
இரவு வேலை முடித்து வந்து
சப்பாத்தைக் கழற்றாமலே கண்ணாடித் தொட்டியைப் பார்த்தேன்.
மார்த்தா மல்லாந்து கிடந்தாள்,
எட்டுக் காலும் விரித்து,
தானே நெய்த வெள்ளைப் பாயில்.

சாவு எனக்குப் புதிதல்ல.
முதியோர் இல்லத்தில் ஆறு வருடம்.
இரண்டு விரலைக் கழுத்தில் வைப்பேன்,
நெஞ்சு ஏறுதா இறங்குதா என்று எண்ணுவேன்,
பிறகு தாதி வருவாள், மணி எழுதுவாள்,
ஜன்னலை ஒரு சாண் திறந்து விடுவோம்.
பதினான்காம் அறை ஓல்கா வாயைத் திறந்தபடி தூங்கும்போது
ஒவ்வொரு இரவும் வாசலில் நின்று எண்ணுகிறவன் நான்.

இவளுக்குக் கழுத்து எங்கே?
மூச்சு வயிற்றுப் பக்கம் என்றான் ஒருநாள் டெரிக்,
புத்தகம் மாதிரி, ஏடு ஏடாய்.
எனக்கு வாசிக்கத் தெரியாத புத்தகம்.

மூன்று கிழமையாய்ச் சாப்பாடு தொடவில்லை.
பின்பக்கத்து மொட்டைத் தோல் கறுத்துப் போயிருந்தது.
பார்த்தும் விட்டுவிட்டேனே என்று
என்னையே ஏசினேன்.

டெரிக்கை அழைத்தேன்.
நிலத்துக்குக் கீழே நிற்பவனுக்கு மணி கேட்காது.
"மன்னிச்சுக்கொள், மார்த்தா போய்விட்டாள்"
என்று இயந்திரத்திடம் சொன்னேன்.
சொல்லும்போது குரல் உடைந்தது.
வெட்கக்கேடு.
ஊரில் புலிமுகச் சிலந்தியைக் கண்டால்
செருப்பைத் தேடியவன்.

பிஸ்கட் தகரம் ஒன்றில் பஞ்சு பரப்பி வைத்துவிட்டு
மண்வெட்டியோடு பின்வளவுக்குப் போனேன்.
மூன்று வெட்டு.
மூன்றுக்கும் நிலம் என்னைத் திருப்பி அடித்தது.
ஏப்ரல் வரைக்கும் என் கையால் இங்கே
ஒரு சிலந்தியைக்கூடப் புதைக்க ஏலாது.

மூக்கில் பனி உருகி வடிய உள்ளே வந்து குனிந்தேன்.
ஒரு கால் அசைந்தது.
அல்லது என் மூச்சில் கண்ணாடி அசைந்தது.

செல்லப்பிராணிக் கடை பத்து மணிக்குத் திறந்தது.
எடுத்தவள் எதையோ மென்றுகொண்டே கேட்டாள்:
"நிமிர்ந்தா, மல்லாந்தா?"
மல்லாந்து.
"காலெல்லாம் உள்ளே மடங்கி, முஷ்டி பொத்தின மாதிரி
நிமிர்ந்து இருந்தால்தான் அழவேண்டும்.
இது சட்டை மாற்றுகிறாள்.
விளக்கை அணை. தொடாதே.
உள்ளே சில்வண்டு இருந்தால் எடு,
இன்றைக்கு அது அவளைத் தின்னும்."

சில்வண்டு இருந்தது.
கிண்ணத்தின் விளிம்பில் நின்று
மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது.
நீண்ட இடுக்கியால் பிடிக்க
எனக்கு இருபது நிமிடம் பிடித்தது.

பிறகு இருட்டில் இருந்தேன், கோட்டோடு.
முதுகு ஓட்டின் விளிம்பு
தகர மூடி போல மெல்லக் கிளம்பியது.
நனைந்த கையுறையிலிருந்து விரல்களை இழுப்பது போல
கால்களைக் கால்களிலிருந்து இழுத்தாள்.
இழுத்தாள், நிறுத்தினாள்.
நிறுத்தியபோதெல்லாம்
என் இரண்டு விரலும் தானாக எழும்பின.
மத்தியானம் தாண்டி
எல்லாம் வெளியே வந்தது,
பல் இரண்டும் ஊறின அரிசி நிறம்.
கடிக்கவே தெரியாத பல்.

மறுபடி டெரிக்கை அழைத்தேன்:
முதல் சொன்னதைக் கேட்காதே, கேட்டிருந்தால்
பெட்டி நிரம்பிவிட்டது என்றது இயந்திரம்.

வெள்ளிக்கிழமை இரவு வருவான்.
தொட்டியில் இப்போது இரண்டு பேர்:
ஒருத்தி மூலையில், ஈரமாய், யாரோடும் பேசாமல்.
மற்றது நடுவில், மயிரோடு, நகத்தோடு,
உள்ளே ஒன்றுமில்லாமல்.
கதவைத் திறந்ததும் எதை முதலில் காண்பானோ.

புதன்கிழமை, அவள் எழுந்து நடந்த பிறகு,
வெற்றுச் சட்டையை இடுக்கியால் தூக்கிப்
பஞ்சு விரித்த அதே தகரத்தில் வைத்து
மூடியில் எழுதினேன், இரண்டு மொழியிலும்:
இது மார்த்தா அல்ல.