மண் கழிவு

நாலாம் குறுக்குத் தெருவில் லொறி நிற்க
விடிய மூன்றரை.
அச்சுவேலி வெங்காயம், அறுபத்திரண்டு சாக்கு.
சாக்குக்கு இரண்டு கிலோ மண் கழிவு:
முதலாளி சொல்வார், நான் எழுதுவேன்,
போனில் குணநாயகம் அண்ணை ஏசுவார்:
"மண்ணுக்கும் நாங்கள்தானே ஐசே தண்ணி இறைச்சது!"

கொட்டுண்ட செம்மண்ணைக்
கூட்டி அள்ளுகிறான் நாட்டாமை சுனிமல்,
பெயின்ற் வாளியில்.
கிராண்ட்பாஸ் தொடர்மாடிப் படிக்கட்டில்
கொச்சிக்காய் வைத்திருக்கிறானாம்.

நேற்று ஒரு பை கொண்டுவந்தான்.
இருநூற்றைம்பது கிராம்.
சாப்பாட்டுக்கடை நிஸ்தார் நானா நின்ற நிலையில் வாங்கி
மத்தியானச் சம்பலில் இடித்துவிட்டார்.

உறைப்பில் கண் கலங்க
குணநாயகம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.
கழிவைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன் என்று
அவர் முந்திக்கொண்டு ஏசத் தொடங்கினார்.